சட்டம் சரி என்றது, மனை என்ன சொன்னது?

கலிபோர்னியாவில் கொல்லைப்புறத்தில் குட்டி வீடு கட்டும் ஜுரம் இன்னும் இறங்கவில்லை. ஏ.டி.யூ என்று பெயர். அப்பா அம்மாவுக்கு ஒரு வீடு, இல்லையென்றால் வாடகை. 2020 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டங்கள் வழியைத் திறந்துவிட்டன. மனை இத்தனை பெரிதாக இருந்தே ஆக வேண்டும் என்று நகராட்சி சொல்ல முடியாது. புதிதாகக் கட்டினால் பக்கத்திலும் பின்னாலும் 4 அடி இடைவெளி போதும். நல்ல சட்டங்கள்தான். சண்டை அதோடு இல்லை.

"சட்டமே விடுகிறது, முதலில் பிளானைத் தேர்ந்தெடுங்கள், முன்பணம் கட்டுங்கள்" என்கிற விற்பனைப் பேச்சோடுதான் சண்டை. கால் அளவு பார்க்காமல் செருப்பு தைக்கிற கதை இது!

சட்டத்துக்குத் தெரியாத சில விஷயங்கள் மண்ணுக்குத் தெரியும். கழிவுநீர்க் குழாயையே பாருங்கள். அது அடிக்குக் கால் அங்குலம் சரிய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 60 அடி ஓடினால் 15 அங்குலம் இறங்க வேண்டும். கொல்லை தெருவைவிடத் தாழ்வாக இருந்தால்? பம்ப் வைக்க வேண்டும். பழைய வீட்டின் 100 ஆம்ப் மின் பேனல் இரண்டு வீட்டைத் தாங்குமா? மின்வாரியமோ குடிநீர்க் குழாயோ போக, பத்திரத்தில் ஒதுக்கிய பட்டை கொல்லையில் ஓடுகிறதா? ஓடினால் அதன்மேல் கட்ட முடியாது. மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண்ணா? அஸ்திவாரச் செலவே வேறு.

"அதெல்லாம் கட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். பார்க்கலாம்தான், ஆனால் யார் பணத்தில்? குழி தோண்டிய பிறகு தெரியவரும் ஒவ்வொன்றும் கூடுதல் பில்லாக வரும். வீட்டின்மேல் கடன் வாங்கியவர் பாதியில் நிறுத்தவும் முடியாது.

லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2021 முதல் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வரைபடங்களைத் தருகிறது. அங்கேயும் மனையைத் தனியாகச் சரிபார்த்த பிறகுதான் பர்மிட். வரைபடம் ரெடிமேடாகக் கிடைக்கும், மனை கிடைக்காது.

ஆகவே முன்பணத்துக்கு முன்னால் நான்கு காரியம்: சர்வே, பத்திர அறிக்கை, கழிவுக் குழாய்க்குள் கேமரா, மின்சுமைக் கணக்கு. இதைக் கேட்டதும் முகம் சுளிக்கும் காண்ட்ராக்டருக்கு அங்கேயே கும்பிடு போட்டுவிடலாம். மனை 'வேண்டாம்' என்றாலும் நஷ்டமில்லை. இருக்கிற கராஜை வீடாக மாற்ற அந்த 4 அடி இடைவெளிகூடத் தேவையில்லை.