ஏட்டுச் சுரைக்காய் என்று எள்ளுவோர்க்கு

மாழைகளின் வலிமையைப் பற்றி எழுதப் புகும் பாடநூலார் பலர், குறையற்ற படிகத்தின் கணக்கை ஒரே வரியில் ஒதுக்கிவிட்டுப் போகின்றனர். கணக்கு ஒன்று சொல்லிற்றாம். மாழை வேறொன்று காட்டிற்றாம். எனவே கணக்குப் பொய்யாம்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியையும் சிலர் துணைக்கு அழைத்துக் கொள்கின்றனர். கறியாக்கத் தெரியாதவர் சுரைக்காயைப் பழித்த கதைதான் இது.

அக்கணக்கு யாது? 1926-ஆம் ஆண்டு உருசிய அறிஞர் பிரெங்கல் போட்டது. படிகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காய் நிற்கின்றன. மேலடுக்கு நழுவ வேண்டுமாயின், கீழடுக்கின் மேட்டில் ஏறி அடுத்த பள்ளத்தில் இறங்க வேண்டும். அடுக்கு முழுதும் ஒருங்கே ஏறுவதாகக் கொண்டால், தேவைப்படும் தகைவு அம்மாழையின் விறைப்பளவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. செம்பின் விறைப்பளவு ஏறத்தாழ 48,000 மெகாபாசுகல். ஆகவே ஏறத்தாழ 8,000 வேண்டும். தூய செம்புப் படிகமோ ஒரு மெகாபாசுகல் அளவிலேயே நழுவிவிடுகின்றது! பின்வந்தோர் கணக்கைச் செப்பஞ்செய்து முப்பதில் ஒரு பங்காகக் குறைத்தனர். அப்பொழுதும் 1,600. ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட இவ்விடைவெளியைக் கூட்டல் கழித்தற் பிழை என்று எவர் சொல்வார்?

இவ்விடைவெளி உறுத்தியதனாலன்றோ 1934-இல் தெய்லர், ஓரோவான், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே விடையைக் கண்டனர்! நீண்ட விரிப்பை ஒரு முனையிற் பற்றி முழுதாய் இழுப்பது கடிது. ஒரு மடிப்பை எழுப்பி மறுமுனைவரை தள்ளிச் செல்வது எளிது. மாழையினுள்ளும் அத்தகைய மடிப்பு உண்டு. அவ்வரிப்பிசகு ஊர்ந்து செல்லுங்கால் அடுக்கு முழுதும் ஒருங்கே ஏற வேண்டுவதில்லை. செப்புக் கம்பியை வளைத்து நிமிர்த்தினால் மறுமுறை வளைய முரண்டுவதும், பெருகிய பிசகுகள் ஒன்றோடொன்று சிக்கிக் கொள்வதனாலேயே. 1956-இல் கேம்பிரிட்சில் இர்சும் உடனாய்ந்தோரும் அப்பிசகுகள் நகர்வதை மின்னணு நுண்ணோக்கியிற் கண்ணாரக் கண்டனர்.

பிசகில்லாப் படிகம் கிடைத்தால் கணக்கு மெய்ப்படுமா? மெய்ப்பட்டது. 1952-இல் எர்ரிங்கு, கால்ட்டு என்பார், வெள்ளீயத்தில் தானே முளைக்கும் மயிரிழைகளை வளைத்துப் பார்த்தனர். வளைத்த பின்னும் அவை பழைய நிலைக்கே மீண்டன. 1956-இல் பிரென்னர் இழுத்த இரும்பு மயிரிழை ஏறத்தாழ 13,000 மெகாபாசுகல் தாங்கிற்று. பொதுவான தூய இரும்பு தாங்குவது சில நூறே. எள்ளியவர் எவரும் இதற்கு வாய் திறந்திலர்.

இன்னொரு மயக்கமும் உண்டு. இழுத்தால் பிணைப்பு அறும்வரை படிகம் நிலைத்து நிற்கும் என்பது அது. மூலைகளிலும் நடுவிலும் அணு நிற்கும் இரும்புப் படிகத்தை ஒரு விளிம்பின் வழியே இழுத்தால், அது நீண்டு குறுக்கே ஒடுங்கும். நீளம் அகலத்தைப்போல் 1.41 மடங்கானதும், அது முகநடுவில் அணு நிற்கும் வேறோர் அமைப்பாகிவிடும். ஒப்புமையினால் அந்நிலைக்கு இழுவிசையே வேண்டா. எனவே தகைவின் உச்சி அதற்கு முன்னரே கடந்து போகின்றது. பிணைப்பு அறுமுன்னரே படிகம் நிலைகுலைகின்றது! நிலைபேற்றுக்குரிய வரையறைகளை மாக்சு பார்ன் வகுத்தார்; சுமை ஏறும்பொழுது அவ்வரையறைகள் எவ்வாறு மாறும் என்பதை 1977-இல் இல்லும் மில்சுடீனும் ஆராய்ந்துரைத்தனர்.

விறைப்பளவை ஓர் எண்ணால் வகுத்துவிட்டால் எம்மாழையின் வலிமையும் வந்துவிடும் என்பாரும் உளர். அலுமினியத்தின் விறைப்பளவு செம்பினதில் ஏறத்தாழப் பாதியே. ஆயினும், குறையற்ற நிலையில் நழுவலைச் செம்பினும் மிகுதியாய்த் தாங்குவது அலுமினியமே என்று 2002-இல் ஒகாதா, லி, இப் ஆகியோர் கணித்துக் காட்டினர். அலுமினிய அணுக்களின் பிணைப்புக்குத் திசைச்சார்பு உண்டு. அதனால் அது நெடுந்தொலைவு நழுவிய பின்னரே உச்சியை எட்டுகின்றது. வகுத்தல் ஒன்றையே நம்பியிருப்போர் இதற்கு என் சொல்வர்?