பள்ளிக்கு ஒரு முக்காலி: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?



நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் இன்று ‘மிரர்லெஸ்’ எனப்படும் ஆடியில்லாப் படக்கருவி ஒன்றாவது இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கித் தந்திருக்கலாம். முன்னாள் மாணவர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்திருக்கலாம். கருவி வந்த ஓராண்டுக்குள் அடுத்த கோரிக்கை எழும். அது பெரும்பாலும் இன்னொரு வில்லையாகவே இருக்கும். என் கருத்து வேறு. இரண்டாவது வில்லைக்கு முன்னால் பள்ளி வாங்க வேண்டியது ஒரு நல்ல முக்காலி. அதுவும் ஆளுக்கு ஒன்றன்று, பள்ளிக்கு ஒன்று.

ஏன் முக்காலி? காரணங்கள் மூன்று.

முதலாவது, வெளிச்சம். நம் மண்டபங்களின் விளக்கொளி கண்ணுக்குப் போதும், படக்கருவிக்குப் போதாது. ஓவியக் கண்காட்சி, அறிவியல் காட்சிப் பொருள்கள், அலங்கரித்த மேடை ஆகியவற்றை முக்காலியில் வைத்து நிதானமாக எடுத்தால் புள்ளி புள்ளியாகச் சிதையாத தெளிவான படம் கிடைக்கும். ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை முக்காலி உறைய வைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு வேகமான ஷட்டர்தான் வழி.

இரண்டாவது, படம் பிடிப்பவர். எத்தனை ஆண்டு மலர்களைப் புரட்டினாலும், படம் எடுத்த ஆசிரியர் மட்டும் எந்தக் குழுப்படத்திலும் இருக்க மாட்டார்! முக்காலியும் பத்து வினாடி நேரக்கருவியும் அவரையும் பிள்ளைகளோடு நிற்க வைக்கும்.

மூன்றாவதே எனக்கு முதன்மையானது. ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஒரே கோணத்தில் ஆண்டுதோறும் எடுக்கும் படம் ஒரு பள்ளியின் வரலாறாகிறது. கையில் பிடித்து எடுத்தால் அந்த ஒழுங்கு எளிதில் அமையாது.

“இப்போதைய கருவிகளில் நடுக்கத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறதே, முக்காலி எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்த வசதி கை நடுக்கத்தைக் குறைக்கும். ஆனால் ஆசிரியரைப் படத்துக்குள் கொண்டுவராது. சென்ற ஆண்டு நின்ற இடத்தையும் நினைவில் வைத்திராது. பிள்ளைகளுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. கையில் கருவி இருந்தால் பொத்தானை அழுத்திவிட்டுப் பிறகு பார்ப்பார்கள். முக்காலியில் இருந்தால் பார்த்துவிட்டு அழுத்துவார்கள்.

சரி, எந்த முக்காலி?

2008-இல் பானசோனிக் ஜி1 வெளிவந்தது முதல், உள்ளே ஆடி இல்லாத இக்கருவிகளின் உடல் எடை வெகுவாகக் குறைந்துவிட்டது. எடுத்துக்காட்டாக, சோனி ஏ6400-இன் எடை மின்கலத்தோடு 403 கிராம். 16-50 மி.மீ. சிறு வில்லை 116 கிராம். இரண்டும் சேர்ந்து அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். அரைக் கிலோவைத் தாங்க ஐந்து கிலோ இரும்பைச் சுமக்க வேண்டியதில்லை. வாங்குமுன் கவனிக்க வேண்டியவை இவை:

1. எடையும் மடித்த நீளமும். ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ வரை போதும். மடித்தால் ஏறத்தாழ 40 செ.மீ. இருக்க வேண்டும். அப்போதுதான் மாணவரின் முதுகுப் பையில் அடங்கும். மலிவுக் கட்டண விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோ என்பதே வழக்கமான வரம்பு என்பதையும் நினைவிற் கொள்க. பத்துமலையின் 272 படிகளையும் ஏறத் துணியாத கனத்தில் முக்காலி வாங்கினால் அது பள்ளி அலமாரியிலேயே தங்கிவிடும்.

2. உயரம். பெட்டியில் ‘150 செ.மீ.’ என்று அச்சிட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் நடுத்தண்டை முழுவதும் உயர்த்திய பின் கிடைக்கும் உயரம். தண்டு உயர உயர, மூன்று காலில் நிற்கும் பொருள் ஒற்றைக்காலில் நிற்பது போலாகிவிடும். தண்டை உயர்த்தாமல் எவ்வளவு என்று கேளுங்கள். 120 முதல் 130 செ.மீ. இருந்தால் போதும், அது நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் கண்மட்டத்துக்கும் பொருந்தி வரும்.

3. கால் கணுக்கள். கணுக்கள் கூடினால் மடித்த நீளம் குறையும். ஆனால் அடிக்கணு விரல் பருமனுக்கு மெலிந்துவிடும். நான்கு கணு உள்ள கால்களே நடுவழி.

4. தாங்கும் எடை. ‘8 கிலோ தாங்கும்’, ‘15 கிலோ தாங்கும்’ என்ற எண்களில் மயங்க வேண்டா. எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளந்து சொல்லும் எண்கள் அல்ல அவை. கடையிலேயே கால்களை முழுதும் நீட்டி, உச்சியை விரலால் தட்டிப் பாருங்கள். அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகிறதோ அவ்வளவு நல்ல முக்காலி.

5. அலுமினியமா, கார்பன் இழையா? பீக் டிசைன் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பயண முக்காலியை எடுத்துக்கொள்வோம். அறிமுக விலை அலுமினியத்தில் 349 அமெரிக்க டாலர், கார்பன் இழையில் 599 டாலர். எடை வேறுபாடோ 300 கிராமுக்கும் குறைவு. ஒரு சிறு தண்ணீர்ப் புட்டியின் எடையைக் குறைக்க 250 டாலர்! தினமும் மலையேறுபவருக்கு அது தகும். பள்ளிக்கு அலுமினியமே போதும். பீக் டிசைன் அளவுக்குக்கூடப் போக வேண்டியதில்லை. சிருய், பென்ரோ போன்ற நிறுவனங்களின் தொடக்கநிலை அலுமினிய முக்காலிகளை முதலில் பாருங்கள்.

6. தலையும் பூட்டும். ஒரே திருகில் இறுகும் பந்துத் தலை பயணத்துக்கு ஏற்றது. கருவியோடு இணையும் தகடு ‘ஆர்க்கா-சுவிஸ்’ வகையாக இருந்தால், தொலைந்தாலும் வேறு நிறுவனத்தின் தகட்டை வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகள் கையாளும் பொருளில் தொலையாதது எது?

நூறு வெள்ளிக்கும் குறைவாக இணையக் கடைகளில் கிடைக்கும் நெகிழி முக்காலிகளைப் பற்றி ஒரு சொல். கைப்பேசிக்கு அவை போதும். படக்கருவியை ஏற்றினால் தலை மெல்லத் தாழும். மூட்டுகள் பல கைகள் மாறும் பள்ளிப் புழக்கத்தைத் தாங்கா. ஆண்டுக்கொன்றாக மூன்று வாங்கி எறிவதைவிட, முந்நூறு நானூறு வெள்ளியில் ஒன்று வாங்கிப் பத்தாண்டு வைத்திருப்பதே சிக்கனம்.

இனி, யார் பணம் என்ற கேள்வி. படக்கலைக் கழகத்தில் சேரும் பிள்ளைகளின் கையில் ‘வாங்க வேண்டிய பொருள்கள்’ என்று ஒரு பட்டியலைக் கொடுத்தனுப்பும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைக்கும் பெற்றோருக்கு முந்நூறு வெள்ளி சிறு தொகையன்று. வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை, “எனக்கு அதில் விருப்பமில்லை, ஐயா” என்று சொல்லி ஒதுங்கிவிடும். அந்த ‘விருப்பமின்மை’ எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. ஒரு படம் எடுக்கச் சில நிமிடம். பத்துப் பிள்ளைகள் ஒரு முக்காலியை முறை வைத்துப் பயன்படுத்தலாம். வீட்டிலும் பழக விரும்பும் பிள்ளைக்கு ஒரு கிலோ அரிசியோ மொச்சையோ நிரப்பித் தைத்த துணிப்பை போதும். மேசை மீதோ மதில் மீதோ அதை வைத்துக் கருவியை அமர்த்தினால் அசையாது.

பயன்படுத்தும்போது சில குறிப்புகள்: பருத்த மேற்கணுவை முதலில் நீட்டுக, மெலிந்த அடிக்கணுவைக் கடைசியாக. ஒரு கால் வில்லை நோக்கும் திசையில் இருக்கட்டும். வாழ்க்கையில் அகலக்கால் வைக்கக்கூடாது என்பார்கள். முக்காலி மட்டும் கட்டாயம் அகலக்கால் வைக்க வேண்டும்! பொத்தானைத் தொடும் அதிர்வைத் தவிர்க்க இரண்டு வினாடி நேரக்கருவியைப் பயன்படுத்துக. கூட்டம் நடமாடும் வழியில் கால்களை விரிக்க வேண்டா. போர்ட்டிக்சன் கடற்கரை மணலில் நிறுத்தினால், திரும்பியதும் நன்னீரில் கழுவி உலர்த்துக.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் பள்ளிகள் இடம் பெயர்ந்தபோதும் எத்தனையோ பலகைக் கட்டடங்கள் நல்ல படம் ஒன்றுகூட இல்லாமல் மறைந்துபோயின. அங்கே படித்தவர்களின் நினைவில் மட்டுமே அவை நிற்கின்றன. இன்று நம்மிடம் கருவி இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு முக்காலிக்குத் தொகை ஒதுக்குங்கள். பள்ளி முகப்பு முழுதாகத் தெரியும் இடத்தில் மூன்று கால்களுக்கும் தரையில் சாயத்தால் குறியிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் பள்ளி தொடங்கும் முதல் வாரத்தில் அங்கிருந்து ஒரு படம் எடுங்கள். பொத்தானை ஒரு மாணவர் அழுத்தட்டும்.