அறுபது அடிக்கு எங்கே போவது?

2024 ஜூலை 22 அன்று தமிழ்நாட்டில் கட்டட அனுமதிக்கான சுயசான்றுத் திட்டம் தொடங்கியது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம் என்றால் இணையத்திலேயே உடனடி அனுமதி. பணி நிறைவுச் சான்றும் வேண்டாம். அடுத்த மாதம் நாமக்கல் மாநகராட்சியானது. புதிய மாநகராட்சியில் வீட்டுக் குழாய் வேலை எந்த நெறித்தொகுப்பின்படி நடக்கும், அதை யார் வந்து பார்ப்பார்கள் என்று நம் வாசகர்கள் பலர் கேட்கிறார்கள். இவ்விதழ் தன் நிலையைச் சொல்லியாக வேண்டும்.

2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறித்தொகுப்பு, ஒன்பதாம் பகுதி. அதையே சேலமும் நாமக்கல்லும் கட்டாயமாக்க வேண்டும். யூஐபிசி-இந்தியா என்ற பிளம்பிங் நெறித்தொகுப்பை விரும்புகிறவர்கள் நம்மில் உண்டு. டிராப், வென்ட் அளவுகளை அது படம் போட்டுச் சொல்லும் விதம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் குழாய் அளவுக் கணக்கில் இரண்டும் 1940இல் அமெரிக்காவில் ஹன்டர் வகுத்த வழியில்தான் போகின்றன. தெருக்குழாயில் தண்ணீர் எப்போதும் அழுத்தத்தோடு இருக்கும் ஊருக்கான கணக்கு அது. சில நாளுக்கு ஒருமுறை சம்ப்பில் பிடித்து, மோட்டார் போட்டு மேல் டேங்கில் ஏற்றும் நமக்கு எந்தப் புத்தகமானாலும் திருத்தித்தான் பயன்படுத்த வேண்டும். அமெரிக்காவில் இரண்டு அமைப்புகளின் இரண்டு நெறித்தொகுப்புகளில் எது வேண்டும் என்று மாநில, உள்ளூர் அரசுகளே விவாதித்து எடுக்கின்றன. இங்கே 2019 பிப்ரவரியில் வந்த ஒரே அரசாணை, கடலூருக்கும் கொல்லிமலை அடிவாரத்துக்கும் சேர்த்து விதி செய்துவிட்டது.

இந்த இதழ் ஆண்டுக்கணக்காக எழுதிவரும் விஷயம் இங்கேதான் வருகிறது. பாதாளச் சாக்கடை எட்டாத தெருவில் செப்டிக் டேங்கும் போரும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன? உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர் வேண்டும் என்கிறது ஐஎஸ் 2470. அதாவது 59 அடி. முப்பதுக்கு நாற்பது மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான். விதியை மதிக்க நினைக்கும் பிளம்பருக்கு அந்த மனையில் இடமே இல்லை.

அதோடு வாஸ்து. போர் ஈசானி மூலையில், செப்டிக் டேங்க் வாயு மூலையில். வரிசை வீடுகளில் ஒருவருடைய வாயு மூலையை ஒட்டியே மேற்கு வீட்டுக்காரருடைய ஈசானி மூலை. நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர் மட்டும். 2003 முதல் கட்டாயமான மழைநீர்க் குழியும் அதே இடுக்கில் வருகிறது.

நம் மண்ணின் அமைப்பு நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. மேலே கொஞ்சம் மக்கிய பாறை, கீழே சார்னோகைட்டும் நைசும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் கெட்டிப் பாறை தட்டும் வரைதான் கேசிங் இறக்குவார். அதற்குக் கீழே திறந்த துளை. கேசிங்கைச் சுற்றிச் சிமென்ட் கலவை ஊற்றி அடைக்கச் சொல்லி யாரும் பணம் கொடுப்பதில்லை. இந்தப் பக்கம், கான்கிரீட் உறைகளை அடுக்கி அடியைத் திறந்துவிட்டு அதற்குச் செப்டிக் டேங்க் என்று பெயர் வைக்கிறார்கள். கழிப்பறைக்கு ஆளுக்கு 45 லிட்டர் என்ற கணக்கில், பத்துப் பேர் வசிக்கும் இரண்டு போர்ஷன் வீட்டிலிருந்து நாளைக்கு 450 லிட்டர் அந்தக் குழிக்குள் இறங்குகிறது. மணலாக இருந்தால் வடிகட்டி அனுப்பும். பாறை வெடிப்பு எதையும் வடிகட்டாது. அது எந்தப் போரில் போய்ச் சேரும் என்று மேலிருந்து சொல்லவும் முடியாது.

இதைப் பார்க்க வேண்டிய ஒரே தருணம், குழியை மூடுவதற்கு முன்பு. அனுமதிக்கு முன் ஆய்வு இல்லை, முடிந்தபின் சான்றும் இல்லை என்று ஆக்கியவர்கள் அந்தத் தருணத்தையும் எடுத்துவிட்டார்கள். வீடு கட்டுகிறவரின் அலைச்சல் குறைந்தது உண்மை. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் நாளை குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் அவர் பிளம்பரைத்தான் திட்டுவார். டேங்க் வைக்கும் இடத்தை அந்தப் பிளம்பரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வரிவிதிப்புக்கு வீட்டை அங்குலம் அங்குலமாக அளக்க ஆள் இருக்கிறது. ஒரு குழியை எட்டிப் பார்க்க மட்டும் ஆள் இல்லை என்கிறார்கள். இந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை.

நாமக்கல், சேலம் மாமன்றங்கள் செய்யக்கூடியது இது. ஒன்பதாம் பகுதியை ஏற்றுத் தீர்மானம் போட்டு, பாறை நிலத்துக்கான இணைப்பு ஒன்றை அரசின் ஒப்புதலுக்கு அனுப்பட்டும். அடி பூசிய, கசியாத டேங்க். உறிஞ்சு குழிக்கு இடமில்லாத மனையில் ஐஎஸ் 2470 சொல்லும் மேல்நோக்கு வடிகட்டி, அதிலிருந்து வரும் நீரைச் சேர்க்கத் தெருவுக்கு ஒரு சிறுகுழாய்த் தடம். புதுப் போர் என்றால் கேசிங்கைச் சுற்றிக் கட்டாய அடைப்பு. குழியை மூடும் முன் உரிமம் பெற்ற பிளம்பர் அளவு நாடா தெரியும்படி படம் எடுத்து, அண்டை வீட்டுப் போர் உட்பட எல்லாத் தூரத்தையும் குறித்து, அனுமதி வாங்கிய அதே இணையதளத்தில் ஏற்றட்டும். அந்தப் படிவத்தின் மாதிரியை அடுத்த இதழில் வெளியிடுகிறோம். மன்றம் கேட்கும்வரை காத்திருக்காமல், இப்போதிருந்தே உங்கள் வேலைகளில் அதை நிரப்பி, ஒரு நகலில் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.