சாப்பாட்டைப் பத்தியே பேசாத சிகிச்சை... சாப்பிட மறுக்கிறவங்களுக்கு!

தஞ்சாவூர்ப் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, 'சாப்டாச்சா?'தான். நெல் விளையுற ஊர்ல சோறுங்கிறது பாசம், மரியாதை எல்லாமே. அந்த ஊர்ல ஒரு பொண்ணு தட்டை நகர்த்தி வெச்சா, வீடே அவளைச் சுத்தி நிக்கும். கெஞ்சும், திட்டும், 'கண்ணு பட்டுடுச்சு'னு சுத்திப் போடும். டயட், விரதம்னு அவ சொல்றது உண்மையாவும் இருக்கலாம். ஆனா, உடம்பு கரைஞ்சுக்கிட்டே போயும் 'குண்டாயிடுவேன்'னு பயந்தா, அது அனோரெக்ஸியா நெர்வோசாவா இருக்கலாம். உயிரையே எடுக்கக்கூடிய மனநலப் பிரச்னை இது. பசங்களுக்கும் வரும்.

'இதெல்லாம் வெள்ளைக்காரங்க வியாதி'ன்னு நினைக்காதீங்க. வேலூர் சி.எம்.சி மருத்துவர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வுல, சிகிச்சைக்கு வந்த குழந்தைகள், டீன் ஏஜ்ல 41 பேருக்கு உணவு சார்ந்த கோளாறு இருந்தது. பெரும்பாலானவங்களுக்கு மனம் சார்ந்த காரணத்தால வர்ற வாந்தி. 6 பேருக்கு அனோரெக்ஸியா.

தண்ணி வராட்டி என்ன பண்றோம்?

மேட்டூர் அணையை வழக்கமா ஜூன் 12-ல் திறப்பாங்க. 2022-ல் மே 24-லேயே திறந்தாச்சு. 2024-ல் ஜூலை 28 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு. சீக்கிரம் வந்தா குறுவை. தள்ளிப்போனா, போர்வெல் இல்லாதவங்க குறுவையை விட்டுட்டு சம்பாவுக்குத் தயாராவாங்க. சூழல் மாறும்போது திட்டத்தை மாத்திக்கிற இந்தத் திறனைத்தான் உளவியல்ல 'சிந்தனை நெகிழ்வு'ன்னு சொல்றாங்க.

அனோரெக்ஸியா உள்ள பலருக்கு இதுதான் கஷ்டம். ஒரு விதி போட்டுக்கிட்டா அதை உடைக்க முடியாது. சின்ன விவரத்துல சிக்கிக்குவாங்க. முழுப் படம் தெரியாது. புள்ளிக்கோலத்துல கோலத்தை விட்டுட்டு புள்ளியை மட்டுமே பார்க்கிற மாதிரி. பட்டினி இந்தப் பிடிவாதத்தை இன்னும் இறுக்கும்.

நாலு பேர், ஒரு பேனா, பேப்பர்

இங்கதான் 'காக்னிடிவ் ரெமடியேஷன் தெரபி' வருது. சிந்திக்கிற விதத்துக்கான பயிற்சின்னு சொல்லலாம். ஸ்கிசோஃப்ரினியா உள்ளவங்களுக்குப் பயன்பட்ட முறையை, லண்டன் கிங்ஸ் காலேஜைச் சேர்ந்த கேட் சாண்டூரியா குழுவினர் 2000-களில் அனோரெக்ஸியாவுக்கு மாத்தி அமைச்சாங்க. அப்புறம் அதைக் குழுவாவும் நடத்தினாங்க.

உதாரணத்துக்கு, 'பச்சை'ன்னு சிவப்பு மையில எழுதியிருக்கும். நீங்க வார்த்தையைப் படிக்காம மையோட நிறத்தைச் சொல்லணும். ஒருத்தர் ஒரு வடிவத்தை விவரிக்க, மத்தவங்க பார்க்காமலேயே வரையணும். வீட்டுப்பாடமும் உண்டு. தினமும் போற தெருவை விட்டுட்டு வேற தெருவுல போங்க, பஸ்ல வேற சீட்ல உட்காருங்க. அவ்ளோதான். எடை, கலோரி, சோறு எதைப் பத்தியும் பேச்சே வராது.

டெல்டா மாதிரி ஊருக்கு இது முக்கியம்னு நான் நினைக்கிறதுக்குக் காரணமும் அதுதான். 'சாப்பிடு'ன்னு நாள் முழுக்கக் கேட்டு வாயை மூடிக்கிட்ட பொண்ணு, ஒரு புதிரைப் பத்திப் பேச வாய் திறக்கலாம். 'என் மூளை இப்படித்தான் யோசிக்குது'ன்னு புரிஞ்சா, குற்ற உணர்ச்சியும் குறையலாம். பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் அதே சிக்கல்னு தெரியறது குழுவால கிடைக்கிற கூடுதல் பலம். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். பயிற்சி பெற்ற உளவியல் நிபுணர் இருந்தா போதும்.

ஆனா, இது மட்டும் போதாது

இந்தப் பயிற்சியால எடை கூடும்னு ஆய்வுகள் உறுதியா காட்டல. இது முக்கிய சிகிச்சைக்குத் துணைதான். டீன் ஏஜ்ல இருக்கிறவங்களுக்குக் குடும்பத்தையும் சேர்த்துக்கிற சிகிச்சையைத்தான் பிரிட்டனோட வழிகாட்டு நெறிமுறை முதல்ல சொல்லுது. உடம்பு ரொம்ப மோசமா இருந்தா முதல்ல மருத்துவமனைதான்.

உங்க ஃப்ரெண்டுக்கு மயக்கம், பீரியட்ஸ் நின்னுபோறது, எல்லாரோடவும் உட்கார்ந்து சாப்பிடறதைத் தவிர்க்கிறது இதெல்லாம் இருக்கா? 'செம ஸ்லிம் ஆயிட்ட'ன்னு கமென்ட் போடாதீங்க. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி அரசு மருத்துவமனையோட மனநலப் பிரிவுக்குக் கூடப் போங்க. 14416-க்கு எந்நேரமும் இலவசமா, தமிழ்லயே பேசலாம். மனநலச் சிகிச்சைக்கும் உடல்நோய்க்கு இணையா இன்ஷூரன்ஸ் தரணும்னு 2017 மனநலச் சட்டம் சொல்லுது. கேட்கத் தயங்காதீங்க.