காற்று வாயைக் கீழே இறக்காதீர்கள்

கார் இன்ஜின் காற்றை இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர்கள் போகிற போக்கில் முடிவு செய்வதில்லை. பெரும்பாலான கார்களில் அது கிரில்லுக்குப் பின்னால், போனட்டின் முன்விளிம்பை ஒட்டியே இருக்கும். வெளிக்காற்று இன்ஜின் சூட்டில் படாமல் உள்ளே வர வேண்டும். சாலைத் தண்ணீரும் எட்டக் கூடாது. இரண்டுக்கும் தோதான இடம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். சிலர் அந்த அமைப்பைக் கழற்றிவிட்டு, நீளக் குழாய் ஒன்றைப் போட்டு, முன் பம்பருக்குள் ஃபாக் லேம்ப் பக்கத்தில் கூம்பு வடிவ ஃபில்டரைத் தொங்கவிடுகிறார்கள். இதற்குக் ‘கோல்டு ஏர் இன்டேக்’ என்று பெயர். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் தேங்கும் ஊரில், அன்றாடம் ஓட்டும் காருக்கு இதைப் பொருத்தவே கூடாது என்கிறேன்.

இதை வாங்குகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம் என்பது உண்மை. வெப்பம் 3 டிகிரி குறைந்தால் அடர்த்தி சுமார் 1 சதவீதம் கூடும். அடர்த்தி கூடினால் சிலிண்டருக்குள் ஆக்சிஜன் கூடும், விசையும் கூடும். ஆனால் கம்பெனி கொடுத்த ஏர் பாக்ஸும் வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. அதைக் காட்டிலும் பம்பருக்குள் கிடைக்கும் காற்று எத்தனை டிகிரி குளிர்ச்சியாக இருந்துவிடும்? டியூனிங் மாற்றாத ஒரு சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் காரில் இதனால் கிடைக்கும் கூடுதல் விசையை ஓட்டுபவரால் உணர முடியாது. அவர் உணர்வது சத்தத்தை. காற்று உறிஞ்சும் ஓசையை அடக்கவே ஏர் பாக்ஸையும் அதோடு சேர்ந்த ரெசனேட்டரையும் வைத்திருக்கிறார்கள். அவற்றை எடுத்துவிட்டால், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் முன்பக்கத்தில் ஓர் உறுமல் கேட்கும். வண்டி சீறுவதுபோல் தோன்றும். அந்த உறுமலில் இளைஞர்களுக்கு இருக்கும் ஆசை எனக்குப் புரிகிறது; இன்ஜின் மேல் பிரியம் உள்ளவர்களுக்குத்தான் அந்த ஆசையே வரும்.

எதிர்ப்பக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சிலிண்டருக்கு 300 மில்லி. அழுத்த விகிதம் 11 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 30 மில்லி மட்டுமே. அதாவது இரண்டு மேசைக்கரண்டி. காற்றாக இருந்தால் அந்த இடத்துக்குள் அமுங்கிக்கொள்ளும், தண்ணீர் அமுங்காது. அந்த அளவுக்கு மேல் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் பாதியில் முட்டி நிற்கும். கிராங்க் ஷாஃப்டோ சுழன்ற வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் சிக்கி வளைவது கனெக்டிங் ராடு. டீசலில் அழுத்த விகிதம் இன்னும் அதிகம் என்பதால் மிஞ்சும் இடம் இன்னும் குறைவு, 1.5 லிட்டர் இன்ஜினில், விகிதம் 16 என்றால், 25 மில்லிதான்.

இந்த இரண்டு கரண்டித் தண்ணீர் உள்ளே போக எவ்வளவு நேரம் பிடிக்கும்? 2,000 சுற்றில், ஆக்சிலரேட்டர் முழுதாக மிதிபட்ட நிலையில், அதே 1.2 லிட்டர் இன்ஜின் நொடிக்கு ஏறக்குறைய 20 லிட்டர் காற்றை இழுக்கும். பாதி மிதித்திருந்தாலும் இழுவை குறைந்ததல்ல. ஃபில்டர் தண்ணீரில் மூழ்கிய கணத்தில், கண் இமைப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

சென்னைக்காரர்களுக்கு ஆழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் மறக்கவில்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பம்பருக்குள் ஃபில்டர் இருக்கும் காருக்கு அத்தகைய வெள்ளமே தேவையில்லை. சாலையிலிருந்து ஓர் அடி, மிஞ்சினால் ஒன்றரை அடி உயரத்தில் அது தொங்குகிறது. சாதாரண மழை நாளில் ஒரு சுரங்கப்பாதையின் தாழ்ந்த இடத்தில் தேங்கும் தண்ணீர் போதும். தேங்கிய தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும், கார் நகரும்போது பம்பருக்கு முன்னால் அலை எழும்பும். வேகம் கூடக் கூட அலையும் உயரும். எதிரே மாநகரப் பேருந்து ஒன்று வந்துவிட்டால் போனட் வரைக்கும் தண்ணீர் அடிக்கும்.

இங்கே ஒரு தவறான வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறிவிடும், ஆக்சிலரேட்டரை விடாமல் ரெய்ஸ் பண்ணிக்கொண்டே போ என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் அறிவுரை. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினின் புகை அழுத்தமே, ஆழம் குறைந்த தண்ணீரைச் சைலன்சருக்குள் ஏறவிடாமல் தள்ளிவிடும். ஆபத்து முன்பக்கத்து வாயில். ரெய்ஸ் பண்ணப் பண்ண அந்த வாய் இன்னும் வெறியோடு உறிஞ்சும். முதல் கியரில், நடை வேகத்தில், அலை எழுப்பாமல் போவதுதான் சரி. சிக்னலில் தானாக நின்று கிளம்பும் வசதி உள்ள கார் என்றால், தண்ணீரில் இறங்குமுன் அதை அணைத்துவிட வேண்டும். எந்தக் காருக்கும் பொருந்தும் இந்த எச்சரிக்கை, கீழே ஃபில்டர் வைத்த காருக்குப் போதவே போதாது.

தண்ணீரில் நின்றுபோன காரில் செல்ஃப் அடிக்கவே கூடாது. தண்ணீர் குறைவாகப் போய், ஐடிலில் இன்ஜின் அணைந்திருந்தால் உள்ளே சேதமே இல்லாமல் இருக்க வாய்ப்புண்டு. திரும்பத் திரும்பச் சாவி போடுவதில்தான் நல்ல இன்ஜின்கள் வீணாகின்றன. இழுத்துக்கொண்டு போய், ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்கைக் கையால் ஸ்பானர் போட்டுச் சுற்றி, தண்ணீரை வெளியேற்ற வேண்டும். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால்நிறமாக வந்தால் ஆயிலையும் மாற்ற வேண்டும்.

வளைந்த ராடு உடனே தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. அதை ஒரு நல்ல ராடு பக்கத்தில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் ஒரு கீற்று தெரியும், அவ்வளவே. ஆனால் அந்தக் கீற்றின் விளைவு சிலிண்டர் சுவரில் பதிந்திருக்கும். பிஸ்டனின் மேல் ரிங் எட்டாத உச்சியில் கரி ஒரு மெல்லிய பட்டையாகப் படிவது வழக்கம். ராடு வளைந்து குட்டையாகிவிட்டால் பிஸ்டன் பழைய உயரத்துக்கு வராது; அந்தச் சிலிண்டரில் மட்டும் கரிப்பட்டை மற்றவற்றைவிட அகலமாகிக்கொண்டே போகும். ஹெட்டைக் கழற்றியவுடன் அனுபவமுள்ள மெக்கானிக்கின் கண் அங்கேதான் போகும். தண்ணீரை வெளியேற்றி, பிளக் மாட்டி, ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று சந்தோஷமாக ஓட்டிப் போனவரின் வண்டியில், சில மாதம் கழித்து நெடுஞ்சாலையில் அந்த ராடு முறிந்து பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அதனால்தான் தண்ணீர் குடித்த இன்ஜினுக்கு, அது நன்றாக ஓடினாலும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்ல வேண்டும்.

தற்காப்புச் சாமான்களும் விற்கிறார்கள். ஃபில்டர் மேல் மாட்டும் தண்ணீர் ஒட்டாத துணி உறை தெறிக்கும் தூறலைத் தடுக்கும், மூழ்கினால் பயன்படாது. குழாயின் நடுவே பொருத்தும் பைபாஸ் வால்வு, கீழே தண்ணீர் அடைத்தவுடன் மேலிருந்து காற்றை எடுக்கும். யோசனை நல்லதுதான், ஆனால் டர்போ இன்ஜினுக்கு அது ஒத்துவராது. குட்டைக் குழாய் போட்டு ஃபில்டரைப் போனட்டுக்குள்ளேயே வைக்கும் இன்னொரு வகையில் மூழ்கும் ஆபத்து குறைவு. அது இன்ஜின் சூட்டுக் காற்றையே இழுக்கும் என்பதால், பணம் கொடுத்ததே எதற்கு என்ற கேள்வி வரும். உண்மையில் இந்தக் கருவிகளுக்கு உரிய இடம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமும் கோவை கரி ஸ்பீட்வேயும்தான்; அங்கே ஆள் வைத்து இன்ஜினைப் பிரித்துப் பார்க்கிறார்கள், ஓடுதளத்தில் சாக்கடைத் தண்ணீரும் நிற்பதில்லை.

காப்பீட்டிலும் அடி விழும். வெள்ளச் சேதத்துக்கு முழுக் காப்பீடு உண்டு என்றாலும், தண்ணீரில் செல்ஃப் அடித்ததால் இன்ஜின் போனது என்றால், அதைப் பின்விளைவுச் சேதம் என்று ஒதுக்குவார்கள். அதற்குத் தனியாக இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை எடுத்திருக்க வேண்டும். அதை எடுத்திருந்தாலும், நிறுவனத்திடம் தெரிவிக்காமல் காற்றுக் குழாயை மாற்றியிருப்பது இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணமாகிவிடும்.

மஹிந்திரா தார், 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை இறங்கலாம் என்று அறிவித்துத்தான் விற்கப்பட்டது. அந்த நேர்மை எல்லாக் கார்களிலும் வேண்டும். காற்று வாய் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்பதை ஒவ்வொரு காரின் கையேட்டிலும், தமிழ்நாட்டில் விற்கும் காரென்றால் தமிழிலும், தயாரிப்பாளர் அச்சிட வேண்டும். உதிரி இன்டேக் விற்பவரும், எந்தக் காரில் பொருத்தினால் ஃபில்டர் எந்த உயரத்தில் வரும் என்று அட்டைப்பெட்டியின் மேலேயே போடும்படி போக்குவரத்துத் துறை விதி கொண்டுவர வேண்டும். இப்போது வாடிக்கையாளருக்குக் குதிரைத்திறன் எண்ணை மட்டும் காட்டுகிறார்கள். உயரத்தையும் காட்டினால் பாதிப் பேர் வாங்காமல் திரும்பிவிடுவார்கள்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் அக்டோபருக்கு முன் பழைய ஏர் பாக்ஸைத் திரும்பப் பொருத்திவிடுங்கள். கழற்றிய பெட்டி கடையிலேயே கிடந்தால் கேட்டு வாங்குங்கள். பொருத்தும்போது மூடியின் கிளிப்புகள் எல்லாம் இறுகப் பூட்டியிருக்கின்றனவா, பெட்டியின் அடியில் உள்ள வடிகால் துளை அடைபடாமல் இருக்கிறதா, காற்றை இழுக்கும் குழாய் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

- கட்டுரையாளர், வாகன இன்ஜின் பொறியாளர்