திரை ஓரத்து எண்

ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்து வீடு திரும்புபவர் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். உள்ளே பில், சி.டி., மாத்திரைச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி. வைத்த ஸ்டென்ட் எந்த நிறுவனத்துடையது, எந்த பேட்ச் என்பதுவரை பில்லில் இருக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு விதித்தபோது தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இட்ட உத்தரவு அது. ஆனால் மேசையில் படுத்திருந்த நேரத்தில் அவர் உடம்பில் எவ்வளவு எக்ஸ்ரே பாய்ந்தது? ஃபைலைப் புரட்டிப் பாருங்கள், அநேகமாக இருக்காது.

அளக்க வழியில்லாமல் அல்ல. இந்தச் சிகிச்சை நடக்கும் கேத் லேபில் இன்றைய எக்ஸ்ரே இயந்திரம் தானே கணக்கிட்டு, திரையின் ஓரத்தில் மில்லிகிரே கணக்கில் காட்டிக்கொண்டே இருக்கிறது. அடுத்த நோயாளியின் பெயரைத் தட்டியதும் அந்த எண் கண்ணைவிட்டு மறைகிறது. அதே அறையில் ஈய ஏப்ரன் போட்டு நிற்கும் மருத்துவருக்கும் டெக்னீஷியனுக்கும் மார்பில் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் உண்டு, மூன்று மாதத்துக்கொரு முறை அது ஆய்வகம் போய்க் கணக்காகி வருகிறது. ஆண்டுக்கு 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் அவர்களுக்கு உண்டு. நோயாளிக்கு அப்படி வரம்பு வைக்க முடியாது. உயிர் பிழைக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பாய்ச்சத்தான் வேண்டும். வரம்பு இல்லாத இடத்தில் கணக்காவது வேண்டாமா?

சாதாரண ஆஞ்சியோவில் தோல் புண்ணாவது அரிது. மாரடைப்பு வந்தவர் கதிர்வீச்சுக்குப் பயந்து ஸ்டென்டைத் தள்ளிப்போடுவது மடத்தனம். கவலைப்பட வேண்டியது முழுதும் அடைத்த ரத்தக் குழாயைத் திறக்கும் நீண்ட சிகிச்சைகளிலும், பருத்த உடம்பிலும். தோலின் ஒரே இடத்தில் சுமார் 2 கிரே பட்டால் சிவக்கத் தொடங்கும். மேலே ஏற ஏறப் புண்ணாகும். அதுவும் உடனே தெரிவதில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்து, முதுகு தேய்த்துவிடும் மனைவியின் கண்ணில் படும்: தோள்பட்டைக்குக் கீழே, அளந்து வெட்டியதுபோல் சதுரமாக ஒரு சிவப்பு. எக்ஸ்ரே கற்றை விழுந்த தடம் அது. தோல் மருத்துவர் படை என்று நினைத்துக் களிம்பு எழுதுவார். நெஞ்சுக்குச் செய்த சிகிச்சையை முதுகுக்காக வந்த இடத்தில் சொல்ல நோயாளிக்குத் தோன்றாது. சந்தேகப்பட்டுச் சதை எடுத்துச் சோதித்தாலோ, புண் ஆறுவது இன்னும் கடினம்.

இத்தகைய தோல் புண்களைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1994-லேயே எச்சரித்தது. 2006 ஜூனுக்குப் பின் தயாராகும் இயந்திரங்கள் அளவைக் காட்டியே தீர வேண்டும் என்று விதியும் செய்தது. திரையில் 5 கிரே தாண்டினால் நோயாளியிடம் சொல்லி, தோலைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று அந்நாட்டு மருத்துவ அமைப்புகள் வழிகாட்டுகின்றன.

எண்ணைச் சொன்னால் நோயாளி பயந்துவிடுவார் என்பார்கள். பில்லைப் பார்த்துத் தாங்கியவர் இதையும் தாங்குவார். ஆறு மாதத்தில் இரண்டாவது ஸ்டென்ட் வைக்க நேர்ந்தால், முந்தைய அளவைப் பார்த்து, கற்றை அதே தோலில் விழாதபடி கோணத்தை மாற்றிக்கொள்ள மருத்துவருக்கும் அதுதான் துணை.

ஆகவே எக்ஸ்ரே இயந்திரங்களைக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இந்த எண்ணை டிஸ்சார்ஜ் சம்மரியில் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை தமிழக அரசு காத்திருக்கத் தேவையில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கேட்கும் படிவத்தில் இந்த எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்த்தால், மறுநாளே எல்லா மருத்துவமனையும் எழுதத் தொடங்கும். எலும்பு அறுவை அரங்குகளிலும் எக்ஸ்ரே உண்டு; அங்கே ஓடும் பழைய சி-ஆர்ம் எக்ஸ்ரே இயந்திரங்களில் மீட்டர் இல்லையென்றால், கதிர் ஓடிய நிமிடங்களையாவது குறிக்கட்டும். ரிஜிஸ்டர் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. இன்னொரு பத்திக்குக் கோடு போட ஒரு ஸ்கேல் போதும்.