வேலையின் வரிசை முதலில், கணினி பிறகு

கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கணினி வந்துகொண்டிருக்கிறது. 2022 ஜூன் 29 அன்று மத்திய அமைச்சரவை, 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் திரையில் தோன்றும் கட்டங்கள் யாருடைய வேலையைக் கண்டு வரையப்பட்டன என்று அங்கத்தினர்கள் கேட்டாக வேண்டும்.

நெசவாளர் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். பாவும் ஊடை நூலும் எடை போட்டு வழங்கப்படுகின்றன. ஒரு பாவில் பல சேலைகள் இறங்கும். நெசவாளி இரண்டை அறுத்து ஒப்படைத்துக் கூலி பெறுகிறார். மீதி தறியில் இருக்கிறது. நூல் முழுவதும் துணியாகத் திரும்பினாலன்றிக் கூலிக் கணக்குத் திறவாது என்று மென்பொருள் அமைந்துவிட்டால் என்ன ஆகும்? எழுத்தர் தாளில் ஒரு கணக்கும் கணினியில் மற்றொன்றும் வைப்பார். இரு கணக்குகள் உள்ள இடத்தில் தணிக்கை பயனற்றுப் போகும்; நட்டம் அங்கத்தினருக்கே.

இதற்குப் பரிகாரம் புதிதன்று. ஒரு வேலையை நோக்கமாகவும் அதற்குட்பட்ட செயல்களாகவும் படிப்படியாகப் பகுக்கும் முறையை அன்னெட், டங்கன் என்போர் 1967இல் இங்கிலாந்தில் வகுத்தனர். எச்செயல் மனிதனுடையது, எது இயந்திரத்தினுடையது, எது முன், எது பின், எதை இடையில் நிறுத்தித் தொடரலாம் என்பவற்றை மரம்போல் வரைந்து காட்டும் முறையைப் பின்னர் இத்தாலியரான பட்டர்னோ உருவாக்கினார்.

நம் புதுவையிலேயே சான்று உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்து மீனவருக்கு வேண்டியது திரையன்று. கடலில் இறங்குமுன் அலையின் உயரம். எனவே இணையத்தில் பெற்ற முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்கை வந்தபோது, நல்லவாட்டு மக்களைக் காத்ததும் அத்தகைய நிலையத்தின் ஒலிபெருக்கியே.

ஒவ்வொருவர் வழக்கத்திற்கும் மென்பொருள் வளைந்தால் ஒழுங்கு கெடும் என்பர் சிலர். விதிகள் வளைய வேண்டா. விதிக்கு உட்பட்ட வேலையின் உண்மையான வரிசையைத் திரை அறிந்திருந்தால் போதும்.

ஆகவே கனகசெட்டிக்குளம் போன்ற கடலோரச் சிற்றூராயினும் பெருநகராயினும், சங்கந்தோறும் ஒருநாள் கூடுக. நெசவாளியும் உழவரும் எழுத்தரும் தத்தம் வேலையை வரிசையாகச் சொல்ல, அதை எழுதி வைக்க. மென்பொருள் ஆயத்தமாகவே மேலிடத்திலிருந்து வரினும், அவ்வரிசைப்படி சோதித்துப் பொருந்தாதவற்றை நிர்வாகக் குழுவின் தீர்மானமாக எழுதி அனுப்புக. சங்கம் நம்முடையது, அதன் கணக்கும் நம் கைக்கு அடங்கியதாக இருத்தல் வேண்டும்.